அப்பாவின் லாக் புக் – கடிதம்

அன்புள்ள சார்,

சேலையூரில் கழிந்த உங்கள் சிறுவயது பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் அப்பா இந்திய விமானப்படையில் இருந்தவர். 1971 போரின்போது நேட் என்ற சிறிய சண்டை விமானம் ஓட்டினார். பிறகு தாம்பரத்தில் பயிற்றுநர் படிப்பை முடித்து, பீதரிலும் துண்டிகலிலும் கேடட்டுகளுக்கு, அதாவது பயிற்சி மாணவர்களுக்கு, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். போர்க்கதை கேட்டால் சொல்லமாட்டார். தரையிறக்கத் தெரியாமல் திணறிய ஒரு பையனைப் பற்றியே ஆரம்பிப்பார், எங்களுக்கு அலுத்துப்போகும். போன வருடம் காலமானார். ஒவ்வொரு பறப்பையும் குறித்துவைத்த அவருடைய லாக் புக்கில் நேட் சில பக்கங்களோடு முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் பயிற்சிதான். சண்டை விமானி வாத்தியார் வேலைக்குப் போய் வீணாகிவிட்டாரோ என்று ஒரு குறை. அப்படி நினைப்பது தப்பா?

(பெயர் வேண்டாம் என்றார்)

அன்புள்ள நண்பருக்கு,

தப்புதான். ஆனால் நம் எல்லோருக்கும் உள்ள தப்பு. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் நேட்டை வைத்துக்கொண்டு பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு சண்டையிட்டு உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் சேகோனை நமக்குத் தெரியும். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அவருக்கு முதலில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார் என்று நாம் கேட்டதே இல்லையே.

சேலையூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு விமானப்படை அதிகாரி சில மாதம் குடியிருந்தார். பயிற்றுநர் பள்ளியில் படிக்க வந்தவர். அம்பாலாவில் 1948-ல் தொடங்கி, 1954-ல் தாம்பரத்துக்கு வந்த பள்ளி அது. சாயங்காலம் மொட்டை மாடியில் இரண்டு இரும்பு நாற்காலிகளை ஒட்டிப் போட்டு, வலதுபக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். முழங்கால்களுக்கு நடுவே ஒரு குடை. அதன் கைப்பிடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தபடி, பக்கத்துக் காலி நாற்காலியிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருப்பார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாங்கள் சிரிப்போம். கீழ்வீட்டுப் பாட்டி வேப்பிலை அடிக்கச் சொன்னாள்.

அதற்கு 'பேட்டர்' என்று பெயர் எனப் பின்னால் அவரே சொன்னார். கிரண் என்ற பயிற்சி விமானத்தில் மாணவன் இடப்பக்கம், பயிற்றுநர் வலப்பக்கம். வருடக்கணக்காக இடப்பக்கம் இருந்து ஓட்டியவர் இப்போது வலப்பக்கத்திலிருந்து தரையிறக்கிப் பழக வேண்டும். ஓடுபாதையே வேறு மாதிரி தெரியும். அதோடு, கை செய்வதை வாய் அதே நொடியில் சொல்ல வேண்டும். சொல் அரை நொடி பிந்தினால் பையன் பார்ப்பது ஒன்று, கேட்பது ஒன்று. அவன் குழம்பிவிடுவான். ஓட்டத் தெரிந்தவர்கள் பலருக்கு இது வருவதில்லை. அவருக்கே முதல் மாதம் நாக்கு ஒட்டிக்கொண்டதாம்.

அதைவிடக் கஷ்டம், கையைச் சும்மா வைத்திருப்பது. தரை நெருங்கும்போது மாணவன் விமானத்தின் மூக்கைச் சீக்கிரமே தூக்கிவிடுகிறான். உடனே பிடுங்கிக்கொண்டால் அவன் கடைசிவரை கற்கமாட்டான். விட்டுவைத்தால் இரண்டு உயிர். எவ்வளவு தூரம் தப்புச் செய்யவிடலாம் என்பதை ஒவ்வொரு தடவையும் அந்தக் கணத்தில்தான் முடிவுசெய்ய வேண்டும். பாதுகாப்பான வேலை என்று வேறு சொல்கிறார்கள்! 2009 ஜூலையில் தீபக் பயிற்சி விமானம் விழுந்து இறந்த இருவருமே பயிற்றுநர்கள். அதற்குப் பிறகுதான் அந்த ரகத்தையே நிறுத்தினார்கள்.

சரி, லாக் புக்குக்கு வருவோம். அதில் விமானியின் பெயருக்கு ஒரு பத்தி, கூடப் பறந்தவருக்கு ஒரு பத்தி இருக்கும். அந்த இரண்டாவது பத்தியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே கீழே வாருங்கள். கேடட்டுகளின் பெயர்கள் வரும். அவற்றில் ஒரு பெயர் மற்றவர்களைவிட அதிகத் தடவை வரக்கூடும்: சுற்றி வந்து தரையிறங்கு, மறுபடி சுற்றி வந்து தரையிறங்கு என்று. அப்பா சொன்ன பையன் அவனாக இருக்கலாம். அப்புறம் ஒருநாள் அதே பெயரில் மிகச் சின்னதாக ஒரு பறப்பு, கடைசிச் சோதனை மாதிரி, இருக்கிறதா பாருங்கள்.

இருந்தால், அதற்கு அடுத்த பறப்பை அந்தப் புத்தகத்தில் தேட வேண்டாம். உங்கள் அப்பா இறங்கிக்கொண்டு, அவனைத் தனியாக அனுப்பியிருப்பார். அந்தச் சில நிமிடங்கள் பையனுடைய லாக் புக்கில்தான் ஏறும். அவன் திரும்பி வந்து சக்கரம் தரையைத் தொடும்வரை அப்பா வெயிலில் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருப்பார்.