சென்னைக்கு மாற்றல்: 30 லட்சம் சம்பளம் குடும்பத்துக்குப் போதுமா?

கேள்வி: கிள்ளானில் இருக்கிறேன். மலேசியக் குடியுரிமை. என் கம்பெனி என்னைச் சென்னை சோழிங்கநல்லூர் கிளைக்கு மூன்று வருடத்துக்கு அனுப்புகிறது. மலேசியச் சம்பளம் நின்றுவிடும். இந்தியக் கிளையில் ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் சி.டி.சி. (எனக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்கிறார்கள். மனைவியும், தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகளும், முதலாம் ஆண்டு மகனும் உடன் வருகிறார்கள். மாதம் இரண்டரை லட்சம் என்றால் சென்னையில் ராஜா மாதிரி இருக்கலாம், பாதியை மிச்சம் பிடிக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? கையில் எவ்வளவு கொண்டு வர வேண்டும்?

பதில்: பாதியெல்லாம் மிச்சமாகாது. கவனமாக இருந்தால் மாதம் இருபது, முப்பதாயிரம் நிற்கும். பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி என்பதைப் பொறுத்து அதுவும் காணாமல் போகலாம். அரிசி, பருப்பு, காய்கறி விலை உங்களை ஒன்றும் செய்யாது. மொத்தமாக வந்து விழும் தொகைகள்தான் வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களைத் திணறடிக்கின்றன. ஆகவே மாதக் கணக்கு ஒன்று, மொத்தத் தொகைக் கணக்கு ஒன்று என்று இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இரண்டரை லட்சத்தைப் பார்ப்போம். அது முழுதாக உங்கள் கைக்கு வராது. கம்பெனி கட்ட வேண்டிய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு, பல இடங்களில் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கூட, இந்த 30 லட்சத்துக்குள்ளேயே இருக்கும். அடிப்படைச் சம்பளம் சி.டி.சி.யில் பாதி என்று வைத்தால் மாதம் 1,25,000. அதில் 12 சதவீதம் கம்பெனி பங்கு 15,000. உங்கள் பங்கு இன்னொரு 15,000. 2025-26 புதிய வரி முறைப்படி வருமான வரி மாதத்துக்கு ஏறத்தாழ 35,000. கிராஜுவிட்டியையும் கழித்தால் கையில் நிற்பது சுமார் 1,80,000. இதை வைத்துத்தான் பேச வேண்டும்.

பி.எஃப். விஷயத்தில் இன்னொன்று உண்டு. இந்திய ஊழியர்களுக்கு 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மட்டும் பி.எஃப். பிடித்தால் போதும் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அந்த வரம்பு கிடையாது. சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டிலிருந்து அதற்கான சான்றிதழோடு வருபவர்களுக்கு விலக்கு உண்டு. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. பிடித்த பணத்தைப் பொதுவாக 58 வயதுக்குப் பிறகுதான் எடுக்க முடியும். இந்த ஏற்பாடே செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-ல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் சென்னையில் ஒரு கம்பெனி அதை நம்பிப் பிடிக்காமல் விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தெந்தப் படிகளுக்கு பி.எஃப். பிடிப்பார்கள், கையில் எவ்வளவு வரும் என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். மாதிரிச் சம்பளச் சீட்டு ஒன்றைப் போட்டுத் தரச் சொன்னால் தருவார்கள்.

உங்கள் மனைவி சார்பு விசாவில் வந்தால் இங்கே வேலைக்குப் போக முடியாது. கிள்ளானில் இரண்டு சம்பளத்தில் ஓடிய குடும்பம் என்றால், இங்கே ஒன்றில் ஓட வேண்டும். இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் இந்தத் தடை இல்லை. கொள்ளுத் தாத்தா, பாட்டி இந்தியர் என்றாலும் விண்ணப்பிக்கலாம். தோட்டக் காலத்தில் வந்தவர்களின் பிறப்புக் காகிதம் எத்தனை வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்பதுதான் சிக்கல். காகிதம் இருந்தால் இப்போதே தொடங்குங்கள்.

அடுத்தது வீடு. வீடு தேடுவதற்கு முன்பே பள்ளியை முடிவு செய்யுங்கள். உறவினர்கள் மயிலாப்பூர், தி.நகர் என்று சொல்வார்கள். அங்கிருந்து சோழிங்கநல்லூருக்கு தினமும் போய்வருவது தண்டனை. சோழிங்கநல்லூர் வழியே போகும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) நெடுக இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடப்பதால் நெரிசல் இன்னும் கூடியிருக்கிறது. சோழிங்கநல்லூர், நாவலூர், மேடவாக்கம், ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் நீலாங்கரை என்று பள்ளியும் அலுவலகமும் ஏழெட்டு கிலோமீட்டருக்குள் வரும்படி பாருங்கள். சோழிங்கநல்லூர் சுற்றுவட்டத்தில் காவலுள்ள அடுக்ககத்தில் மூன்று படுக்கையறை வீடு 35,000 முதல் 50,000 வரை போகிறது. அடையாறு, திருவான்மியூர் என்றால் அதற்கும் மேலே. நான் 45,000 என்று வைத்துக்கொள்கிறேன். மெயின்டனன்ஸ் தனியாகச் சுமார் 6,000. விளம்பரத்தில் பெரும்பாலும் வாடகையை மட்டும்தான் போடுவார்கள்.

கோலாலம்பூர் கொண்டோக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. 'செமி ஃபர்னிஷ்ட்' என்றால் சுவர் அலமாரி, மின்விசிறி, விளக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் அடுப்பு மேலே சிம்னி. ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், சோபா எல்லாம் உங்கள் பாடு. குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போன ஏசியின் ஓட்டை மட்டும் சுவரில் இருக்கும். நான்கு பேருக்குச் சுமாராக வாங்கினாலும் மூன்றரை லட்சம் ஆகும். மூன்று வருடத்துக்குத்தானே என்பதால் பெரிய சாமான்களை மாத வாடகைக்கு எடுப்பதும் தவறில்லை. ஆனால் மூன்று வருட வாடகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல சமயம் பழைய ஃப்ரிட்ஜ் வாங்குவதே லாபம்.

சென்னையில் அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பது பழைய வழக்கம். 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை மூன்று மாதம் என்கிறது. அந்த 'வேறு விதமாக' என்ற ஓட்டையில்தான் ஓனர்கள் ஐந்து, ஆறு என்று கேட்கிறார்கள். பேரம் பேசுங்கள், ஐந்துக்கு மேல் போகாதீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்று புரோக்கர் சொல்வார். இந்தச் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. அந்தப் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயிண்டிங் என்று இன்னொரு மாத வாடகையை அட்வான்ஸில் கழிப்பதும் ஊர் வழக்கம். தவிர்க்க நினைத்தால் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: ஓனர் எங்கே இருக்கிறார்? ஓ.எம்.ஆர். வீடுகளில் பலவற்றுக்கு ஓனர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஓனர் இந்தியாவில் குடியிருப்பவர் என்றால் மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால்தான் நீங்கள் 2 சதவீத வரி பிடிக்க வேண்டும். வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் வாடகை எவ்வளவாக இருந்தாலும் பொதுவாக 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) வாங்கி, காலாண்டுக்கு ஒருமுறை கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். 'அதெல்லாம் வேண்டாம் தம்பி, அம்மா அக்கவுண்டுல போட்டுடுங்க' என்பார்கள். பிடிக்காமல் விட்டால் அந்த வரியும் வட்டியும் உங்கள் தலையில்தான் விழும். என்னைக் கேட்டால், உள்ளூர் ஓனர் வீடு 3,000 ரூபாய் கூட என்றாலும் அதையே எடுப்பேன்.

வீடு பார்க்கும்போது தண்ணீரைப் பற்றிச் சும்மா 'தண்ணீர் வருமா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் வரும் என்றுதான் சொல்வார்கள். மெட்ரோ வாட்டர் (மாநகரக் குடிநீர் வாரியம்) இணைப்பா, ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரா, லாரியா என்று கேளுங்கள். போன மே மாத மெயின்டனன்ஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். கோடையில் லாரிச் செலவு ஏறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றியபோது ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. இதற்கு நேர் எதிராக, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை, பெருங்குடி, வேளச்சேரிப் பக்கம் கார்கள் மூழ்கின. அந்தப் பக்கம் தரைத்தள வீடு வேண்டாம்; 2023-ல் பார்க்கிங்கில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று காவலாளியிடம் கேளுங்கள். ஓனரைவிட அவர் சரியாகச் சொல்வார்.

மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 2024 ஜூலையில் ஏறிய கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் சுமார் 1,840 ரூபாய். 1,200 யூனிட் என்றால் 9,370. யூனிட் இரண்டரை மடங்குகூட இல்லை, பில் ஐந்து மடங்கு. முதல் 100 யூனிட் இலவசம் என்ற பேச்சில் மயங்கி மூன்று ஏசியையும் ஓடவிட்டால் ஏப்ரல், மே பில் உறைக்கும். ஆண்டுச் சராசரியாக மாதம் 3,500 ஒதுக்குங்கள்.

பள்ளி. உங்கள் கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது. நடுத்தரமான சி.பி.எஸ்.இ. (இந்திய மத்திய வாரியப் பாடத்திட்ட) பள்ளியில் பஸ்ஸோடு சேர்த்து ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,80,000 என்று வையுங்கள். இருவருக்கும் மாதத்துக்கு 30,000 விழும். ஐ.ஜி.சி.எஸ்.இ., ஐ.பி. போன்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளி என்றால் ஒரு பிள்ளைக்கு நான்கைந்து லட்சத்திலிருந்து தொடங்கும். இருவருக்கும் மாதம் 75,000 போய்விடும், சம்பளம் தாங்காது. திரும்பிப் போனபின் மலேசியாவில் சேர்க்க ஐ.ஜி.சி.எஸ்.இ. வசதி என்பது உண்மைதான். மகள் மூன்று வருடம் கழித்து இடைநிலைப்பள்ளிக்குப் போவாள். நடுவில் மலாய் விட்டுப்போகும். அந்த வழியே வேண்டுமென்றால் கட்டணத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். ஏற்காவிட்டால் சி.பி.எஸ்.இ.யில் போட்டு, மலாய்க்கு இணையத்தில் ஒரு டியூஷன் வையுங்கள், மொத்தச் செலவு ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் ஆவதில் பாதி அளவில் நின்றுவிடும். தமிழ்நாட்டில் 2006 சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் இதில்தான் தடுக்கி விழுவார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை. இந்தி எந்த வகுப்பிலிருந்து என்பதை மட்டும் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்வியாண்டு ஏப்ரல் அல்லது ஜூனில் தொடங்குகிறது. நடு ஆண்டில் வந்தாலும் சேர்க்கைக் கட்டணத்தை முழுதாகக் கேட்கும் பள்ளிகள் உண்டு.

மற்றதைச் சட்டென்று முடிக்கலாம். மளிகை, பால், காய்கறி, மீன், கறி எல்லாம் சேர்த்து 28,000. வீட்டு வேலைக்கு ஆள் 8,000. சமையலுக்கும் வைத்தால் கூடும். ஆட்டோ, டாக்ஸி, ஒரு ஸ்கூட்டர் பெட்ரோல் 12,000. முதல் வருடம் கார் வாங்க வேண்டாம். இணையம், போன் 2,000. வெளியே சாப்பாடு, சினிமா, கோயில், உறவினர் வீட்டு விசேஷம் 10,000. மருந்து, இதர செலவு 5,000. வாடகை, பள்ளி எல்லாம் கூட்டினால் மாதம் சுமார் ஒன்றரை லட்சம். ஆண்டுக்கு ஒருமுறை நான்கு பேர் ஊருக்குப் போய்வரும் டிக்கெட் இதில் இல்லை.

இனி கொண்டு வர வேண்டிய பணம். ஐந்து மாத அட்வான்ஸ் 2,25,000, புரோக்கருக்கு 45,000, மெயின்டனன்ஸோடு முதல் மாத வாடகை 51,000, இரு பிள்ளைகளின் சேர்க்கையும் முதல் தவணையும் சுமார் இரண்டரை லட்சம், சாமான் மூன்றரை லட்சம், வீடு கிடைக்கும்வரை சர்வீஸ் அபார்ட்மென்டில் மூன்று வாரம் 80,000, சம்பளம் வரும்வரை கைச்செலவு 60,000. பத்தரை லட்சத்தைத் தாண்டுகிறது. அதாவது கையில் வரும் சம்பளத்தில் ஆறு மாதம், முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே.

முதல் சம்பளம் தாமதமாகலாம் என்பதற்கும் காரணம் உண்டு. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) இணையம் வழியே பதிய வேண்டும். அதற்கு முகவரிச் சான்று வேண்டும். வங்கிக் கணக்கு தொடங்கப் போனால் வங்கி அந்தப் பதிவையும் பான் அட்டையையும் (வருமான வரி எண் அட்டை) கேட்கும். வங்கிக் கணக்கு இல்லாமல் யு.பி.ஐ. (போன் வழியே பணம் செலுத்தும் வசதி) இல்லை, சம்பளமும் இல்லை. வீட்டு ஓனரோ அட்வான்ஸை இன்றைக்கே அனுப்பு என்பார். மலேசிய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, தினசரி வரம்பையும் உயர்த்திவிட்டு விமானம் ஏறுங்கள்.

கம்பெனியிடம் சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதைவிட இந்த மொத்தத் தொகைகளைக் கேட்பது நல்லது. உங்கள் வருமானத்தில் கடைசியாகக் கூடும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 31 ரூபாய் வரிக்குப் போகும். வீட்டைக் கம்பெனியே தன் பெயரில் வாடகைக்கு எடுத்தால் அட்வான்ஸ் அவர்கள் பொறுப்பு, ஓனர் வெளிநாட்டில் இருந்தாலும் வரி பிடிக்கும் வேலை அவர்களுடையது. சென்னையில் அப்படிப்பட்ட வீட்டுக்குச் சம்பளத்தில் 10 சதவீதம் அல்லது உண்மையான வாடகை, இதில் எது குறைவோ அதுதான் உங்கள் வருமானமாகக் கணக்காகும். பத்தில் ஒன்பது கம்பெனிகள் கேட்டால்தான் செய்யும்.

மூன்று வருடம் முடிந்து கிளம்பும்போது, ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள். வெளிநாடு போவதைச் சொன்னால் வங்கி அதை என்.ஆர்.ஓ. கணக்காக (இந்தியாவில் குடியிருக்காதவருக்கான கணக்கு) மாற்றித் தரும். கடைசி வருடத்து வரி ரீஃபண்டும் அதில்தான் வந்து சேரும்.