தம்பிக்கு மீட்பு உண்டா என்று கேட்ட சகோதரிக்கு

சகோதரி, தம்பி தன் உயிரை முடித்துக்கொண்டதையும், துக்க வீட்டிலேயே ஒருவர் "அவனுக்கு நரகந்தான்" என்றதையும் எழுதியிருந்தீர்கள். அப்படித் தீர்ப்புச் சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

நீங்கள் கத்தோலிக்கர். திருச்சபையின் போதனை நூலான மறைக்கல்வியில் 2282, 2283 எண்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வது தவறு என்ற போதனை மாறவில்லை. ஆனால் கடும் மனநோயும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், இப்படி இறந்தவர்களின் மீட்பில் நாம் நம்பிக்கை இழக்கக்கூடாது, திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் அங்கேயே இருக்கிறது. இப்படி இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுக்கும் விதி திருச்சபையின் 1917 சட்டத்தொகுப்பில் இருந்தது. 1983 தொகுப்பில் இல்லை. மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டங்களில் பெரியவர்கள் சிலர் அந்தப் பழைய பயத்தை இன்னும் விடவில்லை.

அன்றிரவு அவன் அழைத்தபோது போனை எடுக்கவில்லை என்கிறீர்கள். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர் தூங்கியது குற்றமா? உங்களை மன்னித்துக்கொள்ளுங்கள். ஃபாதரிடம் அவனுக்காக ஒரு பூசை கேளுங்கள்.

அம்மா "நானும் அவனோடு போயிடணும்" என்கிறாரே, அதுதான் எனக்குக் கவலை. சாகவேண்டும் போலிருக்கிறதா என்று இன்றே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியாக விடாதீர்கள். அரசாங்க கிளினிக்குக் கூட்டிப்போங்கள். மனம் உடைந்தவர்களுக்குச் செவிகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி எண் 03-76272929, நடுராத்திரியிலும் பேசலாம். நீங்களும் பேசுங்கள்.