ஜெல்லில் ஒரே பட்டை, படிகம் மட்டும் சரியில்லை

கேள்வி: விதையிலிருந்து 11எஸ் குளோபுலின் என்ற சேமிப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்தேன். ஜெல்லில் ஒரே பட்டைதான் தெரிகிறது. ஆனால் படிகமோ ஊசி ஊசியாக வருகிறது. எக்ஸ்ரேயில், புரதத்தின் வடிவத்தைக் கணிக்க உதவும் உருப்படியான புள்ளிகள் இல்லை. படிகமாக்க இன்னும் புதுக் கரைசல்களைச் சோதிக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் புரதத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரே பட்டை என்றால் எடை ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான். விதையில் இந்தப் புரதத்துக்குச் சகோதர ஜீன்கள் பல உண்டு. அவற்றின் துணை அலகுகள் ஏறக்குறைய ஒரே எடையில், சற்றே வேறு வரிசையில் இருக்கும். ஆறு அலகு சேர்ந்தது ஒரு மூலக்கூறு என்பதால், ஒவ்வொன்றும் வெவ்வேறு கலவையாக அமையலாம். அப்படிப்பட்ட கூட்டம் ஒழுங்காக அடுக்கி நிற்காது. சோயாவின் 11எஸ் குளோபுலினான கிளைசினின் அமைப்பு 2003-இல் வெளிவந்தபோது, ஏ3பி4 என்ற ஒரே வகை அலகை மட்டும் உருவாக்கும் பிறழ்வுச் செடியின் விதையைத்தான் எடுத்தார்கள். உங்கள் பயிரிலும் அப்படி ஒரு ரகம் கிடைக்குமா என்று தேடுங்கள். மாதக்கணக்கில் உழைப்பு மிச்சமாகும்.

கிடைக்காவிட்டால், மின்னேற்றத்தை வைத்துப் புரதங்களைப் பிரிக்கும் அயனிப் பரிமாற்றத் தூணில் உப்பின் செறிவை மிக மெதுவாக ஏற்றி, புரதம் வெளிவரும் உச்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். ஓரங்களைச் சேர்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அப்புறம் மூலக்கூறின் எடையைத் துல்லியமாக அளக்கும் நிறைமாலைமானியில் ஒரு முறை பாருங்கள். ஜெல் மறைத்ததை அது காட்டும். ஒடுக்கிய ஜெல்லில், அதாவது கந்தகப் பிணைப்புகளை உடைத்து ஓட்டிய ஜெல்லில், இரண்டு பட்டை வந்தால் பதற வேண்டாம், அமிலச் சங்கிலியும் காரச் சங்கிலியும் பிரிவது இந்தப் புரதத்தின் இயல்பு.

நொதிகள் வெட்டிய துண்டுகளும் கெடுக்கும். அரைக்கும்போதே தடுப்பான் சேருங்கள். வேடிக்கை என்னவென்றால், அளவாக வெட்டினால் சில நேரம் நன்மை: கனவாலின் என்ற விதைப் புரதம், டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதி தொட்ட பிறகுதான் அழகாகப் படிகமாகிறது. புரதச் சங்கிலியில் தளர்ந்து தொங்கும் கண்ணிகள் போய்விடுகின்றன.

குளோபுலின்கள் உப்பில் கரையும், உப்பு குறைந்தால் வெளியே வரும். அதையே பயன்படுத்துங்கள். 0.4 மோலார் சோடியம் குளோரைடில் தொடங்கி, உப்பை மட்டும் வெளியேவிடும் சவ்வு கொண்ட சிறு டயாலிசிஸ் கிண்ணத்தில் உப்பை மெல்லக் குறையுங்கள். கிடைக்கும் ஊசிகளைப் பொடித்து விதைப்படிகமாகவும், அதாவது புதுப் படிகம் வளரத் தொடக்கமாகவும், போடலாம்.

நல்ல தரவு வந்துவிட்டால் மீதி எளிது. இந்தப் புரதத்தின் க்யூபின் மடிப்பு (பீப்பாய் போன்ற வடிவம்) உள்ள மாதிரிகள் ஏராளம், தெரிந்த அமைப்பை மாதிரியாக வைக்கும் மூலக்கூறு இடமாற்று முறையில், எக்ஸ்ரே புள்ளிகளில் தெரியாத அலைக்கட்டத்தைக் கண்டுபிடிக்கும் கட்டச் சிக்கல் தீர்ந்துவிடும்.