வருட வாசிப்பு, வலைப்பூ இலக்குகளைப் பாதி வருடத்தில் எப்படிச் சரிபார்க்கிறீர்கள்? பின்தங்கியிருந்தால் இலக்கைக் குறைப்பது ஏமாற்று வேலையா?

வலைப்பூவில் பாஸ், வாசிப்பு எண்ணிக்கையில் ஃபெயில். அந்த ஃபெயிலைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

நான் வடசென்னை மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுக்காரன். வலைப்பூவில் எழுதுவதெல்லாம் எங்கள் பக்கத்துச் சங்கதிகள்தான்: துறைமுகம், மீன், பழைய கட்டடங்கள். ஜனவரியில் ஊரோடு ஒத்து நானும் "மாதம் நாலு பதிவு" என்று எழுதி வைத்தேன். மார்ச் வரைக்கும் நொண்டியடித்தது. ஏப்ரல் 15 வந்ததும் வேகம் பிடித்தது. அன்றிலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மற்ற நாட்களில் விடியற்காலை ஏலத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தால் "வழிய விடு நைனா" என்று கூடையோடு இடித்துக்கொண்டு போவார்கள். தடைக்காலத்தில் அதே ஆட்கள் நிழலில் வலையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெரியவர், கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி, கை ஊசியை நிறுத்தாமலே பேசினார். ஜிபிஎஸ் வராத காலத்தில், எண்ணூர் புகைபோக்கியையும் கரையில் தெரியும் இன்னொரு அடையாளத்தையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்களாம். "அதெல்லாம் இப்ப இன்னாத்துக்குப்பா" என்றார், ஆனால் ஒரு மணி நேரம் சொன்னார். அந்த ஒரு உட்காரலில் மூன்று பதிவுக்குச் சரக்கு.

ஆக, மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தால் பிப்ரவரியில் சோம்பேறி, மே மாதத்தில் சூரன் என்று தெரியும். இரண்டுமே பொய். என் பதிவுகளுக்குப் பருவம் இருக்கிறது, காலண்டருக்கு அது தெரியாது. இப்போது வருடத்துக்கு மொத்தமாக ஒரு எண்ணிக்கை. அதில் பாதி தடைக்காலத்தில் சேகரித்தால் போதும் என்று மாற்றிவிட்டேன். (அதிகம் பேர் படிக்கும் பதிவு எது தெரியுமா? செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குவது எப்படி என்று என்றைக்கோ எழுதியது. சனிக்கிழமை ராத்திரியானால் தேடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.)

வாசிப்புக்கு வருவோம். படித்த புத்தகங்களைக் கணக்கு வைக்கும் குட்ரீட்ஸ் தளம் வருடத்தைச் சமமாகக் கூறுபோட்டு, நான் பின்தங்கியிருப்பதாகக் காட்டுகிறது. காரணம் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் சேவை அங்கிருந்துதான் வாலாஜா பக்கம் கிளம்பியது. அதைப் பற்றி ஒரு பதிவு எழுத எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு புத்தகத்தில் ஒரு அத்தியாயம், இன்னொன்றில் பத்துப் பக்கம், வேறொன்றில் பின்னிணைப்பு மட்டும். இந்த வருடம் நான் ஊன்றிப் படித்தது அதைத்தான். ஒன்றையும் முழுசாக முடிக்காததால் குட்ரீட்ஸ் கணக்கில் அது பூஜ்ஜியம்.

எண்ணிக்கை இன்னொரு வேலையும் செய்யும். ஒல்லிப் புத்தகமாகப் பார்த்துக் கை போகும். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். அதை ஒன்று என்று எழுதுவதா ஐந்து என்று எழுதுவதா என்று யோசிக்க ஆரம்பித்தால், படிப்பதை விட்டுவிட்டுக் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டோம் என்று பொருள்.

இலக்கைக் குறைப்பது ஏமாற்று வேலை இல்லை. 50 புத்தகம், சராசரி 300 பக்கம் என்றால் 15,000 பக்கம். தினமும் 41 பக்கம், தீபாவளி, பொங்கல், காய்ச்சல் எல்லாம் சேர்த்து. தினம் 20 பக்கம் ஓடுகிறவருக்கு வருடத்தில் 24 புத்தகம் வரும், அவ்வளவுதான். இந்தப் பெருக்கலை ஜனவரியில் போடாதவர்கள் ஜூலையில் போடலாம். குட்ரீட்ஸில் நடு வருடத்திலும் எண்ணை மாற்ற முடியும். நான் பாதியாக்கிவிட்டேன்.

எத்தனை என்பதைவிட, எங்கே படித்தேன் என்று பார்த்ததுதான் எனக்கு உதவியது. முன்பெல்லாம் தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து சென்ட்ரல் போவேன். பேசின் பிரிட்ஜ் சிக்னலில் வண்டி நிற்கும். மற்றவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், எனக்கு அரை அத்தியாயம் ஓடிவிடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தது. இப்போது ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் துடைப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது. ஊருக்கு லாபம், என் வாசிப்புக்கு நஷ்டம். இந்த மாதத்திலிருந்து, அவசரமில்லாத நாளில் மறுபடி லோக்கல்தான்.

பாதியில் நிற்கும் புத்தகங்களில், கடைசியாக மூடிய இடம் ஞாபகமே இல்லாதவற்றைப் பழைய புத்தகக் கடைக்குக் கட்டிவிட்டேன். மற்றவற்றை முடிக்காமல் ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிப் பக்கம் போவதில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். வீட்டில் யாரும் நம்பவில்லை.