சிம் கோச் பதில்கள்: அஞ்சு ஸ்டார் பையன் ஏன் வரமாட்டேங்குறான்?

அமெரிக்க காலேஜ் பாஸ்கட்பால் சிம் கேம் (நாமளே கோச்சா இருந்து ஒரு காலேஜ் டீமை நடத்துற கம்ப்யூட்டர் கேம்) ஆடுறவங்க கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்ததுல பாதி ஒரே புலம்பல்தான், "ரெக்ரூட் (டீமுக்கு இழுக்கப் பாக்குற ஹைஸ்கூல் பையன்) கைநழுவிட்டான்". அதுலயிருந்தே ஆரம்பிப்போம்.

அண்ணே, சின்ன கான்ஃபரன்ஸ் (ஸ்கூல்கள் சேர்ந்து ஆடுற குழு) ஸ்கூல் ஒண்ண எடுத்து ஆடிட்டிருக்கேன். ஒரு அஞ்சு ஸ்டார் (டாப் ரேட்டிங்) சென்டர் மேல வாராவாரம் ரெக்ரூட்டிங் பாயின்ட்ல முக்கால்வாசிய கொட்டுனேன், லிஸ்ட்ல ரெண்டாவது இடம் வரைக்கும் வந்தேன், கடைசி வாரத்துல ஒரு பெரிய ஸ்கூல் வந்து தூக்கிட்டுப் போயிடுச்சு. கேம் சீட் பண்ணுதா? – ரகு

சீட்லாம் இல்ல தம்பி. பெரும்பாலான சிம்ல நீங்க போடுற பாயின்ட் அப்படியே கணக்குல ஏறாது, ஸ்கூலோட ப்ரெஸ்டீஜ் அதைக் கூட்டியோ குறைச்சோ காட்டும். உங்க 40 பாயின்ட்டும் பெரிய ஸ்கூலோட 15 பாயின்ட்டும் ஒரே எடையா இருக்கலாம். அந்தப் பெரிய ஸ்கூல் அதுவரைக்கும் வேற ஒரு சென்டர் பின்னாடி ஓடிட்டிருந்திருக்கும், அந்த சென்டர் வேற எங்கயோ கமிட் ஆனதும் இந்தப் பக்கம் திரும்பிடுச்சு, அவ்ளோதான் நடந்திருக்கும். இந்த மாதிரி பையன் லிஸ்ட்ல நீங்க ரெண்டாவதா இருக்குறது ஜெயிக்கிற மாதிரி தெரியும், ஆனா அது வெறும் காத்திருப்போர் பட்டியல்.

முதல்ல ஸ்டாரை மறைச்சுட்டு அந்தப் பையனோட ப்ரியாரிட்டியப் பாருங்க. ஆடுற நேரம் வேணும்னு கேக்குறானா, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கணும்ங்கிறானா, டோர்னமென்ட் போற டீம்தான் வேணுமா, வேகமா ஓடுற ஸ்டைல் புடிக்குமா. டோர்னமென்ட்டும் ப்ரெஸ்டீஜும் மேல இருந்தா அன்னிக்கே விட்டுடுங்க. ஆடுற நேரமும் தூரமும் மேல இருந்து அவன் வீடு உங்க ஸ்டேட்லயே இருந்தா மூணு ஸ்டார் பையனா இருந்தாலும் முதல் வாரத்துலயே ஆஃபர் குடுத்துடுங்க, ஏன்னா முதல் ஆஃபருக்கு நிறைய கேம்ல தனி மதிப்பு இருக்கு. மூணு சீட் காலின்னா எட்டு பேரைப் பின்தொடருங்க, நாலாவது வாரத்துல நகராத பேரை வெட்டுங்க. வெட்டுறதுக்கு மனசு வராது, அதுதான் எல்லாருக்கும் இருக்குற வியாதி.

ஸ்டார் எண்ணிக்கை எவ்ளோ ஏமாத்தும்னு பாக்கணும்னா என்பிஏ ஸ்டார் ஸ்டெஃபன் கரிய பாருங்க. அவங்க அப்பா படிச்ச வர்ஜீனியா டெக்கே ஸ்காலர்ஷிப் தரல, வாக்-ஆனா (ஸ்காலர்ஷிப் இல்லாம ஆடுறவனா) வேணும்னா வான்னுச்சு. அவர் போனது டேவிட்சன்ங்கிற சின்ன காலேஜ். 2008ல அந்த டீம் 10வது சீடா (டோர்னமென்ட்டுக்கு முன்னாடி குடுக்குற தர வரிசை) வந்து எலைட் எய்ட் (கடைசி எட்டு டீம்) வரைக்கும் போயி, கான்சஸ்கிட்ட 59-57ல ரெண்டே பாயின்ட்ல தோத்துச்சு. அந்த வருஷம் சாம்பியன் ஆனதே கான்சஸ்தான். சிம்ல இந்த மாதிரி ஆளைப் புடிக்க ஓவரால் ரேட்டிங்கப் பாக்காம பொட்டென்ஷியல் (இன்னும் எவ்ளோ வளருவான்ங்கிறது) காலத்தை (column) வரிசைப்படுத்திப் பாருங்க, அங்கதான் சரக்கு இருக்கு.

அண்ணா, போன சீசன் ஸ்வீட் சிக்ஸ்டீன் (கடைசி 16 டீம்) போனேன். இந்த சீசன் 8 மேட்ச்தான் ஜெயிச்சிருக்கேன். அதே கோச், அதே செட்டிங். என்ன ஆச்சுன்னே புரியல. – நிவேதா

நிவேதாம்மா, நீங்க அனுப்புன ரோஸ்டர் (டீம் ஆளுங்க பட்டியல்) படத்தைப் பாத்தேன், போன வருஷ டீம்ல ஏழு சீனியர் (கடைசி வருஷ பசங்க). ஏழு பேரும் ஒரே நாள்ல கிராஜுவேட் ஆயிட்டாங்க, அந்த இடத்துல ஏழு ஃப்ரெஷ்மேன (முதல் வருஷ பசங்கள) உக்கார வச்சிருக்கீங்க. இன்னொரு விஷயம், இந்த ஏழு பேரும் மூணு வருஷம் கழிச்சு சீனியர் ஆவாங்க, அப்போ திரும்பவும் ஸ்வீட் சிக்ஸ்டீன், அதுக்கடுத்த வருஷம் திரும்பவும் 8 ஜெயிப்பு. இதை நிறுத்தலேன்னா சுத்திக்கிட்டே இருக்கும்.

ஒரு பேப்பர் எடுத்து நாலு காலம் போடுங்க: ஃப்ரெஷ்மேன், சோஃபமோர், ஜூனியர், சீனியர், அதாவது முதல் வருஷத்துலயிருந்து நாலாவது வருஷம் வரைக்கும். ஒவ்வொரு ஆளையும் அவன் பொசிஷனோட எழுதுங்க. ரொம்ப நாளா என்சிஏஏ (அமெரிக்க காலேஜ் விளையாட்ட நடத்துற அமைப்பு) டிவிஷன் 1 ஆண்கள் டீமுக்கு 13 ஸ்காலர்ஷிப்தான், அந்தக் கணக்குல 3-3-3-4 மாதிரி பரவி இருந்தா நல்லது. 2025-26 சீசன்லயிருந்து ஹவுஸ் செட்டில்மென்ட்ல (ப்ளேயர்ஸுக்கு ஸ்கூலே காசு குடுக்கலாம்னு ஆக்குன வழக்குச் சமரசம்) சேர்ந்த ஸ்கூல்களுக்கு ரோஸ்டர் லிமிட் 15 ஆயிடுச்சு, புது கேம்ல அதுதான் இருக்கும், எதுக்கும் உங்க வெர்ஷன்ல என்ன நம்பர்னு செட்டிங்ஸ்ல ஒரு தடவை பாத்துக்கங்க. பேப்பர்ல எந்தக் காலமாவது அஞ்சைத் தாண்டுனா ஆபத்து. ஒரே காலத்துல ரெண்டு பாயின்ட் கார்ட் இருந்தா அதுவும் ஆபத்துதான், ரெண்டு பேரும் ஒண்ணா போனதும் பந்தை எடுத்துட்டுப் போக ஆளே இருக்காது, டர்னோவர் (பந்தைப் பறிகுடுக்குறது) மேட்ச்சுக்கு 20 தாண்டும்.

இப்போ இருக்குற ஏழு பேரை எப்படிப் பிரிக்கிறதுன்னா, ரெண்டு பேருக்கு ரெட்ஷர்ட் போடுங்க, அதாவது ஒரு சீசன் ஆட விடாம டீம்லயே வச்சிருங்க. அஞ்சு வருஷத்துக்குள்ள நாலு சீசன் ஆடலாங்கிற ரூலை வச்சுத்தான் பெரும்பாலான கேம் எழுதியிருக்காங்க, அதனால இந்த சீசன் ஆடாம உக்காந்தா அவங்க மத்தவங்களுக்கு ஒரு வருஷம் பின்னாடி வருவாங்க, ப்ராக்டீஸ்ல ரேட்டிங்கும் ஏறும். யாருக்குப் போடணும்னா உடம்பு வளராத பெரிய பையனுக்கு, சென்டரோ பவர் ஃபார்வர்டோ. ஆடுற நேரம் தர்றேன்னு வாக்கு குடுத்துக் கூட்டிட்டு வந்தவனுக்கு மட்டும் போட்டுடாதீங்க, கோவிச்சுக்கிட்டு கெளம்பிடுவான். இன்னும் ரெண்டு சீட்டுக்கு ஜூனியர் காலேஜ் (ரெண்டு வருஷ காலேஜ்) ஆளுங்களயோ டிரான்ஸ்ஃபர்லயோ ஜூனியர் இயர்ல இருக்குறவங்களக் கொண்டாந்தா காலியா கெடக்குற நடு காலம் நெறையும்.

நிஜத்துலயும் இப்படித்தான். 2012ல கென்டக்கி 38-2ன்னு ஆடி சாம்பியன் ஆச்சு, ஆன்டனி டேவிஸ் உட்பட அந்த டீம்ல ஆறு பேர் அதே வருஷ என்பிஏ டிராஃப்ட்ல போயிட்டாங்க. அடுத்த சீசன் அதே கோச், அதே ஜெர்சி, என்சிஏஏ டோர்னமென்ட்டுக்கே தேர்வாகல, என்ஐடில (அதுல எடம் கெடைக்காதவங்க ஆடுற டோர்னமென்ட்) முதல் ரவுண்டுலயே ராபர்ட் மோரிஸ்கிட்ட தோத்தாங்க. நடுவுல முக்கியமான சென்டருக்கு முழங்கால் போனதும் ஒரு காரணம்தான், ஆனா அவன் விழுந்தா தாங்கிப்பிடிக்க அனுபவமுள்ள ஆள் பெஞ்ச்சுல இல்லங்கிறதுதான் பெரிய காரணம்னு நான் நெனைக்கிறேன்.

சார், புது கேம்ல சீசன் முடிஞ்சதும் நாலு பேர் போர்ட்டல்ல (வேற ஸ்கூலுக்கு மாற பேர் குடுக்குற லிஸ்ட்) போயிட்டான். பழைய கேம்ல இந்தத் தொல்லையே இல்லையே, ஏன் இப்படிப் பண்றாங்க? – பெயர் வேண்டாம்

நீங்க சொல்ற பழைய கேம், 2009ல வந்த என்சிஏஏ பாஸ்கட்பால் 10 காலத்துதுன்னா அப்போ ரூலே வேற. டிரான்ஸ்ஃபர் ஆனா ஒரு சீசன் சும்மா உக்காரணும், அதனாலயே பாதிப் பேர் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தான். 2018 அக்டோபர்ல போர்ட்டல் வந்துச்சு, 2021ல முதல் டிரான்ஸ்ஃபருக்கு உக்கார வேண்டாம்னாங்க, அதே வருஷம் ஜூலை 1லயிருந்து பேரை வச்சுக் காசு பாக்குற என்ஐஎல் வந்துச்சு, 2024ல படிப்பு ஒழுங்கா இருந்தா எத்தனை தடவை வேணும்னாலும் மாறலாம்னு ஆயிடுச்சு. கேம் பண்றவங்க இதை அப்படியே உள்ள எடுத்து வச்சிருக்காங்க.

போறவன் யாருன்னு கவனிச்சீங்கன்னா ரெண்டே வகைதான். ஒண்ணு, ரேட்டிங் நல்லா இருந்தும் மேட்ச்சுக்கு ஆறு நிமிஷம் ஆடுற சோஃபமோர். ரெண்டு, சின்ன ஸ்கூல்ல இருந்துட்டு ஓவரா நல்லா ஆடுறவன். முதல் வகையத் தடுக்கலாம், பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சிட்டிருக்குற மேட்ச்சுல ஸ்டார்ட்டரை உக்கார வச்சு அவனுக்கு ஒரு 15 நிமிஷம் குடுங்க, ஹேப்பினஸ் மீட்டர் ஏறுறது கண்ணுக்கே தெரியும். ரெண்டாவது வகையத் தடுக்குறது கஷ்டம். 2022ல செயின்ட் பீட்டர்ஸ்னு ஒரு குட்டி ஸ்கூல் 15வது சீடா வந்து கென்டக்கியத் தோக்கடிச்சு எலைட் எய்ட் போச்சே, 15வது சீட் அதுவரைக்கும் யாரும் அங்க போனதே இல்ல. சீசன் முடிஞ்ச கையோட கோச் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹால் போயிட்டாரு, முக்கியமான ப்ளேயர்ஸ் பல பேரும் வேற வேற ஸ்கூலுக்குக் கெளம்பிட்டாங்க. ஜெயிச்சதுக்கு அவங்களுக்குக் கெடச்ச பரிசு அது.

அதனால சின்ன ஸ்கூல்ல ஆடுறவங்க வருஷா வருஷம் ரெண்டு சீட்டு போர்ட்டலுக்குன்னே காலியா விடுங்க. ஹைஸ்கூல் பசங்களுக்கு எல்லா சீட்டயும் குடுத்து முடிச்சுட்டு, ஏப்ரல்ல உங்க பெஸ்ட் பையன் போனதும் மார்க்கெட்டுல மிச்சம் இருக்குறதப் பொறுக்குற நெலமை வரக் கூடாது.

என் பையன் ஒருத்தன் மேட்ச்சுக்கு 20 பாயின்ட் அடிக்கிறான், கான்ஃபரன்ஸ்லயே டாப் ஸ்கோரர். ஆனா டீம் தோத்துக்கிட்டே இருக்கு. – ஃபாஸ்ட் பிரேக் பாபு

பாபு, 20 எப்படி வருதுன்னு பாருங்க. நீங்க அனுப்புன பாக்ஸ் ஸ்கோர்ல 19 ஷாட், 7 உள்ள, அதுல 2 த்ரீ, ஃப்ரீ த்ரோ 4. எஃபெக்டிவ் ஃபீல்ட் கோல் கணக்குல ஒவ்வொரு த்ரீக்கும் அரை ஷாட் கூடுதலா சேக்கணும், அப்போ 8ஐ 19ஆல வகுத்தா 42 சதவீதம். அதே மேட்ச்சுல உங்க ரெண்டாவது கார்டு 8 ஷாட், 4 உள்ள, 2 த்ரீ, அது 62.5 சதவீதம். பந்து யார் கையில இருக்கணும்?

உடனே தலைகீழா மாத்திடாதீங்க, ஷாட் கூடுனா அந்த கார்டுக்கும் சதவீதம் எறங்கத்தான் செய்யும். முதல் ஆளோட டிஸ்ட்ரிப்யூஷன 19லயிருந்து 14 ஷாட் வர்ற அளவுக்குக் குறைச்சு, அந்த அஞ்சை ரெண்டு பேருக்குப் பிரிச்சு அஞ்சாறு மேட்ச் ஓட விட்டுப் பாருங்க. பாஸ்கட்பால் புள்ளிவிவர நிபுணர் டீன் ஆலிவர் சொன்ன நாலு விஷயம் இருக்கே, ஷூட்டிங், டர்னோவர், ஆஃபென்சிவ் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ, அதுல ஷூட்டிங்குக்கு மட்டும் அவர் குடுத்த எடை 40 சதவீதம். சிம் இன்ஜினும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்துக்கும்.

பெரிய டீமோட மோதும்போது வேகமா ஆடணுமா, மெதுவாவா? – சுதா

நீங்க வீக்கான டீம்னா மெதுவா. பொசஷன் (ஒரு டீம் கையில பந்து இருக்குற ஒவ்வொரு முறை) குறைய குறைய அதிர்ஷ்டத்துக்கு எடம் கூடும், 70 பொசஷன்ல பலசாலிதான் ஜெயிப்பான், 58 பொசஷன்ல நாலு த்ரீ கூடுதலா விழுந்தாலே கதை மாறிடும். ஷாட் கிளாக் 30 செகண்ட், முடிஞ்ச வரைக்கும் அதைக் கரைங்க. ஃபுல் கோர்ட் ப்ரெஸ் (மைதானம் முழுக்க எதிராளிய நெருக்குறது) மட்டும் வேண்டாம், அதுக்குப் பத்து பேர் ஆடுற பெஞ்ச் வேணும், அஞ்சு ஃபவுல்ல ஆள் வெளிய போயிடுவான்.

24 மேட்ச் ஜெயிச்சும் செலக்ஷன் சண்டே (என்சிஏஏ டோர்னமென்ட் டீமை அறிவிக்கிற நாள்) அன்னிக்கு என் பேரைக் கூப்புடல. இது அநியாயம் இல்லையா அண்ணே? – ஒரு கோவக்கார கோச்

யாரை ஜெயிச்சீங்க? ஷெட்யூலப் பாத்தேன், நான்-கான்ஃபரன்ஸ் மேட்ச் பூரா வீட்டுலயே வச்சு, பேர் தெரியாத டீமா கூப்டு அடிச்சிருக்கீங்க. 2025 டோர்னமென்ட்ல 68 டீம், அதுல 31 பேர் கான்ஃபரன்ஸ் சாம்பியனா தானா உள்ள போனாங்க, மிச்சம் 37 எடத்துக்குத்தான் கமிட்டி. அவங்க பாக்குறது 2018-19லயிருந்து வந்த நெட் ரேங்கிங்கும் (என்சிஏஏவோட டீம் தர வரிசை), எதிராளியோட ரேங்க்கும் ஆடுன எடமும் வச்சு ஜெயிப்ப நாலா பிரிக்கிற குவாட்ரன்ட்டும். 60வது ரேங்க் டீமை அவங்க ஊர்ல போய் ஜெயிச்சா குவாட்ரன்ட் 1 ஜெயிப்பு, ஏன்னா வெளியூர்ல 75 வரைக்கும் கணக்கு. அதே டீமை வீட்டுல ஜெயிச்சா குவாட்ரன்ட் 2, வீட்டுல 30 வரைக்கும்தான். அடுத்த வருஷம் நடுத்தர டீமாப் பாத்து நாலு மேட்ச் வெளியூர்ல போடுங்க. தோத்தாக்கூட ரொம்ப வலிக்காது. இல்லேன்னா கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட்ட ஜெயிச்சுட்டு யாரையும் கெஞ்சாம உள்ள போங்க.

தோத்த மேட்ச்ச சேவ் ஃபைல்லயிருந்து திரும்ப லோட் பண்ணி ஆடுறது தப்பா? – ஆதி

தனியா ஆடுறீங்கன்னா யாரு கேக்கப் போறா, உங்க இஷ்டம். ஆனா 2018ல வர்ஜீனியா முதல் சீடா இருந்துட்டு யுஎம்பிசி-ங்கிற 16வது சீட்கிட்ட 74-54ன்னு அடிவாங்குச்சு, ஆண்கள் டோர்னமென்ட்ல அதுக்கு முன்னாடி அப்படி நடந்ததே இல்ல. அடுத்த வருஷம் அதே டீம்தான் சாம்பியன். நீங்க லோட் பட்டனை அமுக்கியிருந்தா அந்த ரெண்டாவது சீசன் உங்களுக்கு வெறும் இன்னொரு கோப்பைதான். ஆன்லைன் லீக்ல பண்ணீங்கன்னா மட்டும் கமிஷனர் தூக்கிடுவாரு, பாத்து.