30 விநாடி டிவி விளம்பரம் ஏன் காரணம் சொல்லாமல் மனதைத் தொடப் பார்க்கிறது?

உணர்ச்சி விளம்பரம் என்றால், பொருளின் குணத்தை விளக்காமல் ஒரு சிரிப்பையோ ஏக்கத்தையோ அதன் பெயரோடு ஒட்டவைப்பது. 30 விநாடியில் நிதானமாகப் பேசினால் ஐம்பது, அறுபது வார்த்தைதான் தேறும். அதற்குள் எதை நிரூபிப்பது? பார்ப்பவரும் பாதிக் கவனத்தில், ரிமோட்டும் கையுமாக இருக்கிறார். வாதத்தைப் பின்தொடர உழைப்பு வேண்டும். முகபாவத்துக்கு வேண்டாம்.

குழந்தை அழுதால் காரணம் கேட்டுவிட்டா தூக்குகிறோம்? முதலில் கை நீளும், கேள்வியெல்லாம் அப்புறம்தான். நல்ல விளம்பரம் அந்தக் கை நீளும் நொடியைப் பிடிக்கிறது. வேலைக்குப் போன மகள் கதவைத் தட்டுகிறாள், அம்மா முகம் மலர்கிறது, ஓரத்தில் ஒரு காபிக் கோப்பை. காபியின் ருசி பற்றி ஒரு சொல் இல்லை (இருந்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்!). கடையில் அந்தப் பாக்கெட்டைப் பார்க்கும்போது ஏதோ பழகிய உணர்வு மட்டும் எழும்.

உணர்ச்சியைத் தொட்டாலே அது ஏமாற்று விளம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நல்ல சரக்கும் இதே வழியில்தான் விற்கிறது.