கறுப்பு அங்கியும் கடைசி வண்டியும்

கேள்வி: எனக்கு வயது 26. மதுரையில் பிறந்து, மேற்படிப்புக்காக இங்கிலாந்து வந்து, இப்போது லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே கறுப்பு உடை, கனத்த கண்மை, இருண்ட இசை ஆகியவற்றில் எனக்கு ஈடுபாடு உண்டு. இங்கே வந்தபின், இதே ரசனை கொண்டு ‘கோத்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் நண்பர்கள் கிடைத்தார்கள். சென்ற ஆண்டு 125 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றும் வாங்கினேன். பைக் ஓட்டுபவர்கள் கூடும் இடங்களுக்குப் போனால் என் தோற்றத்தைப் பார்த்து விலகிப் போகிறார்கள். கோத் நண்பர்களில் பெரும்பாலானோருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இரண்டும் சேர்ந்தவர்களைத் தேடிப் பிடித்து, பதினொரு பேராக விட்பி என்ற துறைமுக ஊருக்குப் போனோம். யார்க் நகரைத் தாண்டியதும், புதிதாக ஓட்டப் பழகியிருந்த இருவர் பின்தங்கி, வழி தவறி, வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த மாதம் நால்வர் வந்தோம். மூன்றாம் மாதம் நான் மட்டும் நின்றேன். ஆடை விதி, உறுப்பினர் கட்டணம், முதுகில் தைக்கும் சின்னம் என்று ஒழுங்கு செய்தால் குழு நிலைக்குமா? அல்லது இது நடக்காத காரியமா? ‘கறுப்பைக் கட்டிக்கொண்டு சுற்றாதே’ என்று அம்மா வேறு தினமும் தொலைபேசியில் சொல்கிறார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லீட்ஸ்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது ஆடையும் இல்லை, சின்னமும் இல்லை. யார்க்கைத் தாண்டி வழி தவறிய அந்த இருவர்தான். குழு கலைந்தது மூன்றாம் மாதம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது முதல் நாளிலேயே, அவர்கள் சாலையோரத்தில் நின்று, முன்னால் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கலைந்துவிட்டது. மற்ற ஒன்பது பேரும் விட்பியில் தேநீர் குடித்துக்கொண்டே, ‘நாளை நம் வண்டி நின்றாலும் இப்படித்தான்’ என்று மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பார்கள்.

நான் சில ஆண்டுகள் யார்க்‌ஷயரில் வாழ்ந்து, உங்களைப் போன்றவர்களோடு வண்டி ஓட்டியவன் என்பதால், அந்தப் பாதையை ஓரளவு அறிவேன். லீட்ஸிலிருந்து ஏ64 சாலையில் யார்க், மால்டன் வரை சென்று, அங்கிருந்து ஏ169 சாலையில் பிக்கரிங் வழியாக மேட்டுநிலத்தைக் கடந்தால் விட்பி. ஏறக்குறைய 70 மைல். பழகுநர் பலகை மாட்டியவர்கள் அந்நாட்டில் மோட்டார்வே எனப்படும் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது என்பதால், மோட்டார்வேயே இல்லாத இந்தப் பாதையை நீங்கள் தேர்ந்தெடுத்தது சரிதான். ஆனால் ஏ64 பல இடங்களில் மணிக்கு 70 மைல் வேக எல்லை கொண்ட இரட்டைச் சாலை. 125 சிசி வண்டி 60 மைல் வேகத்திலேயே மூச்சு வாங்கத் தொடங்கும். பெரிய வண்டிக்காரர்கள் விதியை மீறாமலேயே உங்கள் பழகுநர்களைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுவிட்டுப் போக முடிந்ததற்கு இதுதான் காரணம். முதல் பயணத்துக்கு 70 மைல் அதிகம். 20 மைலில் முடிகிற, கிராமச் சாலைகளால் ஆன, நடுவில் ஒரு தேநீர்க்கடை உள்ள வட்டப்பாதை போதும்.

அடுத்து, கூட்டமாக ஓட்டும் முறை. பிரிட்டனில் பல பைக் கழகங்கள் பின்பற்றும் ஒரு வழக்கத்தை நீங்கள் இன்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். வழி தெரிந்த ஒருவர் முதலில் செல்வார். அனுபவமும் பொறுமையும் உள்ள ஒருவர், தூரத்திலேயே அடையாளம் தெரியும்படி பளிச்சென்ற மேலங்கி அணிந்து, கடைசியில் வருவார். இந்த இருவரும் நாள் முழுதும் இடம் மாற மாட்டார்கள். பாதை திரும்பும் ஒவ்வொரு சந்திப்பிலும், முதலில் செல்பவருக்கு அடுத்து வருபவர் பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் வருகிறவர்களுக்குத் திசை காட்டுவார். எல்லோரும் கடந்து, கடைசி வண்டி தென்பட்டதும், அதற்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த சந்திப்பில், அப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். இதனால் எவரும் முழுப் பாதையையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. முன்னே போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் தன் திறமைக்கு மீறிய வேகத்தில் வளைவுகளில் நுழைய வேண்டியதும் இல்லை. பழகுநர் தன் 45 மைல் வேகத்திலேயே வரலாம். வழி அவருக்காகக் காத்திருக்கும்.

இந்த முறைக்கு இன்னொரு பலனும் உண்டு. கோத் நண்பர்களில் பலர் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். வட்டமாக உட்காரவைத்து ‘உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்’ என்றால் பாதிப் பேர் அடுத்த முறை வர மாட்டார்கள். சந்திப்பில் திசை காட்டி நிற்பவரோ ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. ஆனால் கடந்து போகும் ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார்கள். மாலைக்குள் அவருக்கு எல்லோரையும் தெரியும், எல்லோருக்கும் அவரைத் தெரியும். வந்த முதல் நாளிலேயே, அவர் இல்லாமல் கூட்டம் வழி தவறியிருக்கும் என்ற நிலைமையை அவருக்கு நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள்.

ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமையில், பிக்கரிங்குக்கு வடக்கே, மூடுபனியில் நான் அப்படி நின்றிருந்தேன். ஒன்பது வண்டிகள் கடந்தன, பத்தாவது வரவில்லை. கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயின. இருபது நிமிடங்களுக்கு மேல் ஆனபின், பனிக்குள் முதலில் ஒரு மங்கிய விளக்கும் அதற்குப் பின்னால் கடைசி வண்டியின் விளக்கும் தெரிந்தன. மேட்டில் வண்டி அணைந்து, மீண்டும் கிளப்பத் தடுமாறி வந்த அந்தப் பெண், என் அருகில் நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினார். கண்மை கரைந்து கன்னம் வரை ஓடியிருந்தது. “நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன்” என்றார். அதற்குப்பின் நான் அந்த நாட்டை விட்டு வரும்வரை, அவர் வராத மாதம் என்று ஒன்று எனக்கு நினைவில்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து கடைசி வண்டி அவருடையதாக இருந்தது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஆடை விதி வேண்டாம். வெல்வெட் அங்கி அணிபவரும், பழைய பட்டாளத்துச் சட்டை அணிபவரும், தலைமுடியைப் பச்சையாக்கிக்கொண்டவரும், வெறும் ஜீன்ஸில் வந்து இசையை மட்டும் நேசிப்பவரும் ஒரே மேசையில் உட்காரட்டும். தோற்றத்தால் ஒதுக்கப்பட்டவர்கள் தாங்களே தோற்றத்தை வாசலில் நிறுத்திச் சோதிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் பாதுகாப்பைப் பற்றி விதி வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 1927இல் பிரான்சின் நீஸ் நகரில், நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் நீண்ட கழுத்துத் துணி கார்ச் சக்கரத்தில் சிக்கி, அவர் உயிரே போயிற்று. மோட்டார் சைக்கிளிலோ செயினும் சக்கரமும் காலுக்குப் பக்கத்திலேயே சுழல்கின்றன. எங்கள் குழுவில் ஓர் இளைஞர் கணுக்கால் வரை தொங்கும் அங்கியோடு வருவார். ஒருநாள் பெட்ரோல் நிலையத்தில் இறங்கியபோது, அதன் ஓரம் செயின் எண்ணெயில் தோய்ந்து, ஒரு சாண் அளவு கிழிந்திருந்தது. அவர் முகம் வெளிறியது. தையல் தெரிந்த ஒரு தோழி அடுத்த வாரமே அந்த அங்கியின் கீழ்ப்பகுதியை மடித்து இடுப்பில் பூட்டிக்கொள்ளும்படி பொத்தான் வைத்துக் கொடுத்தார். இப்படிப்பட்ட தையல் வேலைக்கென்றே ஒரு குளிர்கால மாலையை நீங்கள் ஒதுக்கலாம். வண்டி ஓட்டத் தெரியாத உங்கள் கோத் நண்பர்களும் அதில் பங்கெடுப்பார்கள்.

மோதிரங்களைக் கழற்றிவிட்டுக் கையுறை அணியச் சொல்லுங்கள். விழுந்தால் நசுங்கிய உலோகம் விரலை விடாது. இறுக்கமான இடுப்புக் கச்சை, மூச்சையும் திரும்பிப் பார்க்கும் அசைவையும் கட்டுப்படுத்தும் என்பதால், பையில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபின் அணியலாம். முகப்பூச்சு ஹெல்மெட்டின் உள்துணியில் படியும். கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணி உள்ளதாக வாங்கினால் கவலையில்லை. பகலுக்கு மட்டும் என்று குறியிட்ட கறுப்பு ஹெல்மெட் கண்ணாடியை இருட்டியபின் பயன்படுத்த வேண்டாம். தலை முதல் கால் வரை கறுப்பாக இருப்பவர் இரவுச் சாலையில் மற்றவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார். பகலில் கறுப்பாகத் தோன்றி, விளக்கு பட்டதும் வெள்ளியாய் ஒளிரும் துணிப்பட்டைகள் கிடைக்கின்றன. அவற்றை முதுகிலும் கைகளிலும் தைத்துக்கொண்டால் அழகும் கெடாது.

முதுகுச் சின்னத்தைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மேலே கழகத்தின் பெயர், நடுவில் சின்னம், கீழே ஆளும் வட்டாரத்தின் பெயர் என்று மூன்று துண்டுகளாகத் தைக்கும் வழக்கம், 1948இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் போன்ற கழகங்களோடு சேர்த்தே அறியப்படுவது. பைக் உலகில் அது உரிமை கோரும் அறிவிப்பாகப் படிக்கப்படுகிறது. விவரம் தெரியாமல் அதே வடிவத்தில் தைத்துக்கொண்டால், நீங்கள் நினைத்தும் பார்க்காத பகையை உங்கள் பழகுநர்கள் சந்திக்க நேரும். மார்புப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரே துண்டுச் சின்னம் போதும். வட்டாரப் பெயரும், மோட்டார் சைக்கிள் கழகம் என்பதைக் குறிக்கும் ‘எம்சி’ என்ற எழுத்துகளும் அதில் வேண்டாம். கட்டணமும் இப்போதைக்குத் தேவையில்லை.

‘பைக் ஓட்டுபவர்கள் ஒதுங்குகிறார்கள்’ என்று வருந்துகிறீர்கள். அவர்களும் ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவர்கள்தாம். 1960களின் தொடக்கத்தில் லண்டனில் தோல் ஜாக்கெட் அணிந்த ‘ராக்கர்’ இளைஞர்களைக் கண்டாலே முகம் சுளித்தார்கள். அந்த நேரத்தில் பில் ஷெர்கோல்ட் என்னும் பாதிரியார், தாமே மோட்டார் சைக்கிளில் ஏறி, அவர்கள் கூடிய ஏஸ் கஃபேவுக்குச் சென்று, தேவாலயத்துக்கு வருமாறு அழைத்தார். ‘59 கிளப்’ என்ற இளைஞர் மன்றத்தின் மோட்டார் சைக்கிள் பிரிவு அப்படி வளர்ந்ததுதான். அது இன்றும் இயங்குகிறது. அவர்கள் உங்களிடம் வரட்டும் என்று காத்திராமல், நீங்கள் போய் அவர்களுடைய வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். தன் வண்டியைப் பற்றிப் பேச மறுக்கும் பைக்காரரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

விட்பிக்கே வருவோம். 1897இல் வெளிவந்த ‘டிராகுலா’ நாவலின் ஒரு பகுதி அந்தத் துறைமுக ஊரில் நடப்பதால், கோத் மக்கள் அதைத் தங்கள் ஊராகவே கொண்டாடுகிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடும் கோத் வாரவிழா எப்படித் தொடங்கியது, தெரியுமா? 1994இல் ஜோ ஹாம்ப்ஷயர் என்ற பெண், தம்மோடு கடிதம் எழுதிப் பழகிய ஏறத்தாழ நாற்பது பேனா நண்பர்களை ஓரிடத்தில் சந்திக்க அழைத்தார், அவ்வளவுதான். நீங்கள் பதினொரு பேரைத் திரட்டியவர். நம்பிக்கை இழக்க ஒரு காரணமும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 199 படிகள் ஏறி அடையும் செயின்ட் மேரி தேவாலயத்தின் கல்லறைகள் மீது சாய்ந்து படம் எடுப்பது உள்ளூர் மக்களின் மனத்தைப் புண்படுத்தியிருக்கிறது. உங்கள் குழு அதைச் செய்ய வேண்டாம்.

எழுதக் கை வராத ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2007 ஆகஸ்டில், லங்காஷயரின் பேக்கப் என்ற ஊர்ப் பூங்காவில், கோத் உடையில் இருந்தார்கள் என்பதற்காகவே சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணும் அவருடைய காதலரும் தாக்கப்பட்டார்கள், சோஃபி இறந்துபோனார். அவருடைய தாய் சில்வியா இப்படிப்பட்ட தாக்குதல்களும் வெறுப்புக் குற்றங்களாகக் கருதப்பட வேண்டும் என்று தம் இறுதிக்காலம் வரை பாடுபட்டார். 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, கோத் போன்ற மாற்றுப் பண்பாட்டினர் மீதான தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவுசெய்யத் தொடங்கியது. ஆகவே கூடுமிடம் நல்ல வெளிச்சம் உள்ளதாக இருக்கட்டும். இருட்டியபின் எவரும் தனியாக வண்டி நிறுத்திய இடத்துக்கு நடக்க வேண்டாம். எல்லோரும் வீடு சேர்ந்ததாகச் செய்தி வரும்வரை ஒருவர் விழித்திருக்கட்டும்.

அம்மாவிடம் கறுப்பைப் பற்றி வாதாடாதீர்கள். மதுரைக்காரரான அவருக்கு, அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பனைப் பற்றி நீங்களோ நானோ சொல்ல வேண்டியதில்லை. அவர் அஞ்சுவது நிறத்துக்கு அல்ல என்று நினைக்கிறேன். முகம் தெரியாத நாட்டில், குளிர்ந்த சாலையில், மகள் தனியாகப் போகிறாளே என்பதற்குத்தான். உங்களுக்குப் பின்னால் ஒரு வண்டி எப்போதும் வரும் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி, ஒரே இடம் என்று வையுங்கள்; மழை பெய்தாலும் மாற்றாதீர்கள். வண்டி ஓட்ட முடியாத வானிலை என்றால் பேருந்தில் போய் அங்கே உட்காருங்கள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்புங்கள். ஆறு மாதமாவது இப்படிச் செய்யுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. யார்க்கைத் தாண்டி வழி தவறிய அந்த இருவருடைய எண்கள் உங்களிடம் இருக்கும். அழைத்து, நின்று பார்க்காமல் போனது எங்கள் தவறு என்று சொல்லுங்கள். அடுத்த பயணம் அவர்களுடைய வேகத்தில், அவர்கள் சொல்லும் ஊருக்கு என்றும், கடைசி வண்டி உங்களுடையது என்றும் சொல்லுங்கள்.